நிறுத்துக் கடிகாரம்: நிரல் பயில்வோருக்கு ஒரு பாடம்

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பயிற்சி நம் நாட்டில் இன்று ஒரு சிலருக்கு மட்டுமே உரிய தனிக் கலையாக இல்லை. 1984-85ஆம் கல்வியாண்டில் ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தின் கீழ், தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் பி.பி.சி. மைக்ரோ என்ற சிறு கணிப்பொறிகள் வைக்கப்பட்டபோது தொடங்கிய முயற்சி, படிப்படியாக வளர்ந்து பாடத்திட்டத்தின் உறுப்பாகிவிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலைப் பள்ளி வகுப்புகளிலேயே நிரல் எழுதும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. மேல்நிலை வகுப்புகளில் பைத்தான் மொழி கற்பிக்கப்படுகிறது.

ஆயினும் பயிற்சி தொடங்கிய மாணவர் ஒரு கட்டத்தில் தயங்கி நிற்பதைக் காண்கிறோம். இரண்டு எண்களைக் கூட்டுவது, பெருக்கல் வாய்பாட்டை அச்சிடுவது போன்ற பயிற்சிகளை அவர் முடித்துவிடுகிறார். ஆனால் திரையில் சாளரமும் பொத்தான்களும் கொண்டு, பயன்படுத்துவோர் விரும்பும் நேரத்தில் விரும்பும் பொத்தானை அழுத்தக்கூடிய ஒரு நிரலை எவ்வாறு அமைப்பது என்பது அவருக்கு விளங்குவதில்லை. இந்த இடைவெளியைக் கடக்க நிறுத்துக் கடிகாரம் பொருத்தமான பாடமாகும். ஓர் எண் காட்சி, மூன்று பொத்தான்கள், அறுபது எழுபது வரிகள் ஆகியவற்றில் அது அடங்கிவிடும்.

இப்பாடத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நிறுத்துக் கடிகாரம் ஓர் அளவுக் கருவி. அது காட்டும் எண்ணை நம்பி ஒருவரை வென்றவர் என்றும் மற்றொருவரைத் தோற்றவர் என்றும் கூறுகிறோம். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை பி.டி. உஷா 55.42 விநாடியில் முடித்தார். வெண்கலப் பதக்கம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 விநாடி. விநாடியில் நூற்றில் ஒரு பங்கு ஒரு நாட்டின் நினைவில் நாற்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. எனவே, காலத்தை அளக்கும் நிரலை எழுதப் புகுபவர், திரையில் எண்கள் ஓடுகின்றன என்பதோடு மனநிறைவு அடைந்துவிடலாகாது. அவ்வெண்கள் உண்மையானவையா என்றும் கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேவையை வரையறுத்தல்

நிரல் எழுதுவதற்கு முன் அது என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக்கொள்வது நல்ல பழக்கம். நமது கடிகாரத்திற்கு ‘தொடங்கு’, ‘நிறுத்து’, ‘சுழியாக்கு’ என மூன்று பொத்தான்கள் உண்டு. கடிகாரம் எந்த நேரத்திலும் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கும்: ஓடும் நிலை அல்லது நின்ற நிலை. ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்யும் என்பதைப் பின்வருமாறு வரையறுக்கலாம்.

நின்ற நிலையில் ‘தொடங்கு’ அழுத்தப்பட்டால், கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும். ‘நிறுத்து’ அழுத்தப்பட்டால் எதுவும் நிகழலாகாது. ‘சுழியாக்கு’ அழுத்தப்பட்டால் காட்சி சுழிக்குத் திரும்ப வேண்டும்.

ஓடும் நிலையில் ‘தொடங்கு’ அழுத்தப்பட்டால் எதுவும் நிகழலாகாது. ‘நிறுத்து’ அழுத்தப்பட்டால் அதுவரை கழிந்த நேரம் காட்சியில் நிலைக்க வேண்டும். ‘சுழியாக்கு’ அழுத்தப்பட்டால் எதுவும் நிகழலாகாது. ஓடிக்கொண்டிருக்கும் அளவீட்டைக் கைதவறி அழித்துவிடாமல் இருக்க இது பாதுகாப்பாகும்.

இரண்டு நிலைகள், மூன்று பொத்தான்கள். ஆக ஆறு நிகழ்ச்சிகள். இந்த ஆறுக்கும் விடை எழுதிவிட்டால் நிரலில் பாதி முடிந்ததாகக் கொள்ளலாம். தொடக்க நிலை நிரல்களில் காணப்படும் பிழைகளில் பல, இந்த ஆறில் ஒன்றை எண்ணிப் பாராமையால் விளைபவையே.

தேவையான கருவிகள்

பைத்தான் மொழி விலையின்றிக் கிடைப்பது. கைடோ வான் ரோசம் என்னும் நெதர்லாந்து நாட்டவர் உருவாக்கி 1991இல் முதன்முதல் வெளியிட்ட மொழி இது. சாளரமும் பொத்தான்களும் அமைப்பதற்கு ‘டிகின்டர்’ என்ற பகுதி அம்மொழியுடன் சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் கணிப்பொறியில் பைத்தானை நிறுவும்போது டிகின்டரும் வழக்கமாக உடன் நிறுவப்படும். லினக்ஸ் வகைகள் சிலவற்றில் அதைத் தனியே நிறுவ வேண்டியிருக்கலாம். நிறுவியபின் இணைய இணைப்புத் தேவையில்லை. பழைய கணிப்பொறியே போதுமானது. சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்திலும் இப்பாடத்தை நடத்த இயலும்.

நிரல் காத்திருக்கும் முறை

மாணவர் இதுவரை எழுதிய நிரல்கள் முதல் வரியில் தொடங்கி, கடைசி வரியில் முடிந்தன. சாளரம் உள்ள நிரலின் இயக்கம் வேறு வகையானது. அஞ்சல் அலுவலகத்தின் முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தரை இதற்கு உவமையாகக் கூறலாம். அவர் முன் யாரும் வராதபோது அவர் காத்திருக்கிறார். ஒருவர் அஞ்சல் தலை கேட்டால் கொடுக்கிறார். அடுத்தவர் பதிவு அஞ்சலை நீட்டினால் பெற்றுக்கொள்கிறார். ஒவ்வொரு பணியும் சுருக்கமாக முடிந்தால்தான் வரிசை நகரும். சாளர நிரலிலும் இத்தகைய எழுத்தர் ஒருவர் உண்டு. அவரை ‘நிகழ்வுச் சுழற்சி’ என்கிறோம். பொத்தான் அழுத்தப்படுவது, சாளரம் நகர்த்தப்படுவது, காட்சி மாற்றப்பட வேண்டியிருப்பது ஆகிய யாவும் அவர் முன் வரிசையில் நிற்கும் பணிகள்.

புதிதாகப் பயில்பவர் வழக்கமாக எழுதிப் பார்ப்பது, ‘ஒரு விநாடி உறங்கு, எண்ணைக் கூட்டு, காட்டு, மீண்டும் உறங்கு’ என்னும் முடிவற்ற சுழற்சியாகும். இதை ‘தொடங்கு’ பொத்தானுடன் இணைத்தால், நிகழ்வுச் சுழற்சி அந்த ஒரு பணியிலேயே சிக்கிக்கொள்கிறது. முகப்பில் இருக்க வேண்டிய எழுத்தர் உறங்கிவிட்டார்; ‘நிறுத்து’ பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கேட்பார் இல்லை; சாளரம் உறைந்துவிடுகிறது.

சரியான முறை, பணியைச் சுருக்கமாக முடித்துவிட்டு, ‘இன்னும் சிறிது நேரம் கழித்து என்னை மீண்டும் அழைக்கவும்’ என்று எழுத்தரிடம் ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டு விலகுவதாகும். டிகின்டரில் இவ்வாறு குறிப்புக் கொடுப்பதற்கு ‘ஆஃப்டர்’ என்ற கட்டளை உண்டு. அதற்கு இரண்டு செய்திகளைத் தருகிறோம்: எத்தனை மில்லிவிநாடி கழித்து என்பது ஒன்று, எந்தச் செயற்கூற்றை அழைப்பது என்பது மற்றொன்று. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கே மில்லிவிநாடி என்பதை நினைவில் கொள்க.

எண்ணிக் கூட்டும் வழியும் அதன் குறையும்

சாளரம் உறையாத நிரலை எழுதிவிட்ட மாணவர், அடுத்து ஒரு பொறியில் விழுகிறார். ஒவ்வொரு 100 மில்லிவிநாடிக்கும் ஒரு முறை அழைக்குமாறு குறிப்புக் கொடுத்து, ஒவ்வோர் அழைப்பிலும் 0.1 விநாடியைக் கூட்டிக்கொண்டே போகிறார். திரையில் எண்கள் அழகாக ஓடுகின்றன. அரை நிமிடம் பார்த்தால் கைக்கடிகாரத்துடன் ஏறத்தாழ ஒத்தும் போகிறது. ஆனால் இக்கடிகாரம் தவறானது.

இதற்கு முதற்காரணம், ‘ஆஃப்டர்’ கட்டளை அளிக்கும் உறுதியின் தன்மையாகும். ‘100 மில்லிவிநாடி கழிந்தபின், எழுத்தர் ஓய்வாக இருக்கும் முதல் வாய்ப்பில் அழைக்கப்படும்’ என்பதே அதன் பொருள். 100க்கு முன் அழைப்பு வராது, பின் வரக்கூடும். ஒவ்வோர் அழைப்பும் 5 மில்லிவிநாடி தாமதமாக வருவதாகக் கொள்வோம். கடிகாரம் 10 நிமிடம் என்று காட்டுவதற்கு 6,000 அழைப்புகள் தேவை. தாமதத்தின் கூட்டுத்தொகை 30,000 மில்லிவிநாடி, அதாவது 30 விநாடி. உண்மையில் பத்தரை நிமிடம் கழிந்திருக்க, கடிகாரம் பத்து நிமிடம் என்று கூறும். கணிப்பொறி வேறு வேலையில் மும்முரமாக இருந்தால் பிழை இன்னும் பெருகும். ஒரே நிரல் இரண்டு கணிப்பொறிகளில் இரண்டு வேறு நேரங்களைக் காட்டும்.

இரண்டாவது காரணம் எண்களின் இயல்பைச் சார்ந்தது. பத்தில் ஒரு பங்கு என்பது நமக்கு எளிய பின்னம். கணிப்பொறி பயன்படுத்தும் இரும எண் முறையிலோ அது முடிவுறாத பின்னம். பத்தடிமான முறையில் மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று முடிவின்றி நீள்வதைப் போன்றது. கணிப்பொறி அதை ஓரிடத்தில் துண்டித்து வைத்துக்கொள்கிறது. பைத்தானில் 0.1 என்ற எண்ணைச் சுழியுடன் பத்து முறை கூட்டிப் பாருங்கள், விடை 1.0 என்று வராது, 0.9999999999999999 என்று வரும்.

இப்பிழை மிகச் சிறியதாயிற்றே என்று எண்ணலாம். 1991 பிப்ரவரி 25ஆம் நாள் சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் நிகழ்ந்தது இதற்கு விடையாக அமைகிறது. அங்கு நிறுத்தப்பட்டிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, காலத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணி, அவ்வெண்ணிக்கையைப் பத்தில் ஒன்றால் பெருக்கி விநாடியாக மாற்றியது. அந்தப் பத்தில் ஒன்று 24 இரும இலக்கங்களில் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பிழை ஏறத்தாழ 0.000000095 விநாடிதான். ஆனால் அமைப்பு சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியிருந்தது. 36 இலட்சம் எண்ணிக்கைகளில் பிழை 0.34 விநாடியாகத் திரண்டது. வந்துகொண்டிருந்த ஏவுகணையின் வேகத்தில் இது அரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. அமைப்பு தவறான இடத்தில் தேடியது, ஏவுகணை தடுக்கப்படவில்லை, 28 படைவீரர்கள் உயிரிழந்தனர். சிறு பிழையைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதன் விளைவை இதனின்றும் உணரலாம்.

கழித்துக் காணும் வழி

சரியான வழி மிக எளியது. கழிந்த நேரத்தை எண்ண வேண்டாம், கழித்தறிய வேண்டும். தொடங்கியபோது கணிப்பொறியின் கடிகாரம் காட்டிய அளவைக் குறித்துவைத்துக்கொள்க. இப்போது அது காட்டும் அளவிலிருந்து அதைக் கழிக்க. கிடைப்பதே கழிந்த நேரம். மின்கட்டணம் கணக்கிடுபவர் நொடிதோறும் வீட்டில் நின்று கொண்டிருப்பதில்லை. முன்னைய அளவையும் இன்றைய அளவையும் பார்த்துக் கழித்துக்கொள்கிறார். அதே முறைதான் இதுவும்.

இம்முறையில், காட்சியைப் புதுப்பிக்கும் அழைப்பு தாமதமாக வந்தாலும் பிழை சேர்வதில்லை. காட்சி ஒரு கணம் தயங்கலாம்; அடுத்த அழைப்பில் காட்டப்படும் எண் சரியானதாகவே இருக்கும். ஆக, ‘ஆஃப்டர்’ கட்டளை காட்சியைப் புதுப்பிப்பதற்கு மட்டுமே. காலத்தை அளப்பதற்கு அன்று. இவ்விரண்டு பணிகளையும் பிரித்து நிறுத்துவதே இப்பாடத்தின் உயிர்நாடி.

இனி, எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்னும் வினா எழுகிறது. கணிப்பொறியில் நாளும் மணியும் காட்டும் நாட்காட்டிக் கடிகாரம் ஒன்று உண்டு. இது திருத்தத்திற்கு உட்பட்டது. பயன்படுத்துவோர் அதை முன்பின்னாகத் திருப்பலாம். இணையத்தின் வழியாகத் தானே திருத்திக்கொள்ளவும் செய்யும். அன்றியும், புவியின் சுழற்சியோடு ஒத்துப்போவதற்காகச் சில வேளைகளில் உலக நேரத்தில் ஒரு விநாடி கூட்டப்படுவது உண்டு. 2017 ஜனவரி 1ஆம் நாள் இந்திய நேரப்படி காலை 5 மணி 29 நிமிடம் 59 விநாடிக்குப் பின் இவ்வாறு ஒரு விநாடி சேர்க்கப்பட்டது. புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமே இந்திய நேரத்தைப் பேணும் நிறுவனமாகும். அளவீட்டின் நடுவில் நாட்காட்டிக் கடிகாரம் பின்னுக்குத் திருப்பப்பட்டால், கழிந்த நேரம் எதிர்மறை எண்ணாகக் கூட வந்துவிடும்.

ஆகவே, பின்னோக்கிச் செல்லாத மற்றொரு கடிகாரத்தை நாட வேண்டும். பைத்தானின் 3.3ஆம் பதிப்பில், 2012ஆம் ஆண்டு, ‘மோனோடோனிக்’, ‘பெர்ஃப் கவுன்டர்’ என்னும் இரண்டு செயற்கூறுகள் இதற்கெனச் சேர்க்கப்பட்டன. இவை மணி என்ன என்று கூறமாட்டா. இவற்றின் சுழி எங்குத் தொடங்குகிறது என்பதற்கும் பொருள் இல்லை. இரண்டு அளவுகளின் வேறுபாடு மட்டுமே பொருளுடையது. நமக்கு வேண்டுவதும் அதுவே. நுண்ணிய அளவீட்டிற்குப் பெர்ஃப் கவுன்டர் ஏற்றது. அதன் மற்றொரு வடிவம், 2018இல் வெளியான 3.7ஆம் பதிப்பு முதல் கிடைப்பது, காலத்தை நானோவிநாடியில் முழு எண்ணாகவே தருகிறது. ஒரு விநாடி 100 கோடி நானோவிநாடிகளைக் கொண்டது. முழு எண்களைக் கூட்டுவதிலும் கழிப்பதிலும் பைத்தானில் துண்டிப்புப் பிழை இல்லையாதலால், நமது நிரலில் இவ்வடிவத்தையே கொள்வோம்.

நிரலின் அமைப்பு

நிரலுக்கு மூன்று மாறிகள் போதும். ‘தொடக்கம்’ என்பது கடைசியாகத் தொடங்கியபோது கடிகாரம் காட்டிய அளவு. ‘சேர்ந்தது’ என்பது முன்னைய ஓட்டங்களில் சேர்ந்துள்ள நேரம். ‘ஓடுகிறது’ என்பது மெய் அல்லது பொய். தொடக்கத்தில் முதல் இரண்டும் சுழி, மூன்றாவது பொய். செயற்கூறுகளைத் தமிழில் பின்வருமாறு எழுதிக்கொண்டு, பிறகு பைத்தானுக்கு மாற்றலாம்.

செயற்கூறு தொடங்கு:
    இப்போது = கடிகார அளவு
    ஓடுகிறது எனில், திரும்பு
    தொடக்கம் = இப்போது
    ஓடுகிறது = மெய்
    புதுப்பி

செயற்கூறு நிறுத்து:
    இப்போது = கடிகார அளவு
    ஓடவில்லை எனில், திரும்பு
    சேர்ந்தது = சேர்ந்தது + (இப்போது − தொடக்கம்)
    ஓடுகிறது = பொய்
    காட்டு (சேர்ந்தது)

செயற்கூறு சுழியாக்கு:
    ஓடுகிறது எனில், திரும்பு
    சேர்ந்தது = 0
    காட்டு (சேர்ந்தது)

செயற்கூறு புதுப்பி:
    ஓடவில்லை எனில், திரும்பு
    காட்டு (சேர்ந்தது + கடிகார அளவு − தொடக்கம்)
    50 மில்லிவிநாடி கழித்துப் புதுப்பியை அழைக்கக் குறிப்புக் கொடு

முதலிரண்டு செயற்கூறுகளிலும் கடிகாரத்தைப் படிப்பதே முதல் வரியாக இருப்பதைக் கவனிக்க. பொத்தான் அழுத்தப்பட்டதற்கும் நேரத்தைக் குறிப்பதற்கும் இடையே வேறு பணி எதுவும் குறுக்கிடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதைச் சரிபார்க்கலாம். எளிமைக்காக விநாடியில் கூறுவோம். கடிகாரம் 500.00 காட்டும்போது தொடங்கி, 512.40 காட்டும்போது நிறுத்துகிறோம். ‘சேர்ந்தது’ 12.40 ஆகிறது. பின்னர் 530.00இல் மீண்டும் தொடங்குகிறோம். 535.10இல் காட்சி, 12.40 உடன் 5.10 சேர்ந்து 17.50 என்று காட்டும். நின்றிருந்த 17.60 விநாடி கணக்கில் சேரவில்லை. இதுவே நாம் விரும்பியது.

இதைப் பைத்தானில் எழுதும்போது இரண்டு இடங்களில் மாணவர் தடுமாறுவது வழக்கம். முதலாவது, செயற்கூற்றின் உள்ளே வெளிமாறியின் மதிப்பை மாற்ற வேண்டுமெனில், அம்மாறியைக் ‘குளோபல்’ என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிடில் பைத்தான் அதை அச்செயற்கூற்றுக்கே உரிய உள்மாறியாகக் கருதும். இரண்டாவது, பொத்தானுடன் செயற்கூற்றை இணைக்கும்போதும், ‘ஆஃப்டர்’ கட்டளைக்குத் தரும்போதும் செயற்கூற்றின் பெயரை மட்டுமே எழுத வேண்டும். பெயருக்குப் பின் அடைப்புக்குறிகளை இட்டால் அச்செயற்கூறு அப்பொழுதே இயங்கிவிடும். பொத்தானை அழுத்துமுன்பே கடிகாரம் ஓடத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காட்சியை அமைத்தல்

நானோவிநாடியில் உள்ள எண்ணை அப்படியே காட்டினால் யாருக்கும் விளங்காது. அதை மணி, நிமிடம், விநாடி, நூற்றில் ஒரு பங்கு எனப் பிரிக்க வேண்டும். இங்கும் ஒரு பொறி உண்டு. 59.996 விநாடி என்பதை முதலில் நிமிடமும் விநாடியுமாகப் பிரித்துவிட்டு, பிறகு இரண்டு தசம இலக்கங்களுக்கு முழுமையாக்கினால், காட்சியில் 0 நிமிடம் 60.00 விநாடி என்று வரும். அப்படியொரு நேரம் இல்லை. எனவே முதலில் நூற்றில் ஒரு பங்குகளாக முழு எண்ணாக்கிவிட்டு, பிறகே பிரிக்க வேண்டும்.

நானோவிநாடியை ஒரு கோடியால் முழு எண்ணாக வகுத்தால் நூற்றில் ஒரு பங்குகள் கிடைக்கும். எடுத்துக்காட்டாக 3,72,540 என்று வந்தால், 100ஆல் வகுக்க ஈவு 3,725 விநாடி, மீதி 40. 3,725ஐ 60ஆல் வகுக்க ஈவு 62 நிமிடம், மீதி 5 விநாடி. 62ஐ 60ஆல் வகுக்க ஈவு 1 மணி, மீதி 2 நிமிடம். ஆகவே 1:02:05.40 என்று காட்டுகிறோம். நிமிடமும் விநாடியும் எப்போதும் இரண்டு இலக்கங்களில் இருக்குமாறு அமைத்தால், எண்கள் மாறும்போது காட்சி குலுங்காது.

எண்ணைக் குறைத்து முழுமையாக்குவதா, கூட்டி முழுமையாக்குவதா என்பது பயன்பாட்டைப் பொறுத்தது. தடகள விதிகளின்படி ஓட்டப்பந்தய நேரம் மேல்நோக்கியே முழுமையாக்கப்படுகிறது. கையால் எடுத்த நேரம் 10.11 விநாடி எனில், அது 10.2 என்று பதிவாகும். ஓடாத நேரத்தை ஓடியவருக்குச் சாதகமாகக் குறைத்துவிடலாகாது என்பது இதன் கருத்து. நிரலில் இதைச் செய்ய, பத்து கோடியால் வகுப்பதற்கு முன் 9,99,99,999ஐக் கூட்டிக்கொண்டால் போதும்.

சோதித்தறிதல்

நிரல் ஓடுகிறது என்பது அது சரியானது என்பதற்குச் சான்றாகாது. பின்வரும் சோதனைகளை மாணவர் தாமே செய்து, முடிவுகளை ஏட்டில் குறிக்க வேண்டும்.

1. ‘தொடங்கு’ பொத்தானை அடுத்தடுத்து ஐந்து முறை அழுத்துக. எண்ணிக் கூட்டும் நிரலில் காவல் வரி இல்லையெனில் கடிகாரம் ஐந்து மடங்கு விரைவில் ஓடும். நமது நிரலில் எவ்வித மாற்றமும் இருக்கலாகாது.

2. கடிகாரம் ஓடும்போது சாளரத்தைப் பிடித்து இங்குமங்கும் நகர்த்துக. காட்சி சற்றுத் தயங்கினாலும், விட்டவுடன் சரியான நேரத்திற்கு வந்துவிட வேண்டும்.

3. கணிப்பொறியின் நாட்காட்டிக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புக. நிறுத்துக் கடிகாரம் அதைப் பொருட்படுத்தலாகாது.

4. பத்து நிமிடம் ஓடவிட்டு, நல்ல கடிகாரம் ஒன்றுடன் ஒப்பிடுக. எண்ணிக் கூட்டும் நிரலையும் அருகில் ஓடவிட்டால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

5. ஓட்டத்தின் நடுவே கணிப்பொறியை உறக்க நிலைக்குச் செலுத்தி எழுப்புக. லினக்ஸ் இயக்க முறைமையில் இக்கடிகாரம் உறங்கிய நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீண்ட அளவீடுகளுக்கு உறக்க நிலையை முன்கூட்டியே முடக்கிவைப்பது நன்று.

காட்டும் இலக்கங்களும் உண்மைத் துல்லியமும்

நமது நிரல் விநாடியில் கோடியில் ஒரு பங்கையும் காட்டக்கூடும். ஆனால் காட்டக்கூடிய அனைத்தையும் காட்டுவது நேர்மையாகாது. பொத்தானை அழுத்துவது மனிதக் கை. துப்பாக்கியின் ஒலியையோ புகையையோ உணர்ந்து விரல் அசைவதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. முடிவுக் கோட்டிலோ ஓடுபவர் வருவதை முன்கூட்டியே காண முடிகிறது. எனவே கையால் எடுத்த நேரம் உண்மை நேரத்தைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் கைநேரத்தை மின்னணு நேரத்துடன் ஒப்பிட 0.24 விநாடி கூட்டிக்கொள்ளும் மரபு இதனால் ஏற்பட்டது. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மில்கா சிங் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தபோது, அவருடைய கைநேரம் 45.6 விநாடி, மின்னணு நேரம் 45.73 விநாடி. குறுந்தொலைவு ஓட்டங்களின் உலகச் சாதனைகளுக்கு 1977 முதல் முழுத் தானியங்கி நேரம் மட்டுமே ஏற்கப்படுகிறது.

கைநேரமே வாய்க்கும் இடங்களில், மூன்று பேர் தனித்தனியே நேரம் எடுப்பது விதி. இருவர் ஒத்தால் அந்நேரம் கொள்ளப்படும். மூவரும் வேறுபட்டால் நடுவில் உள்ள நேரம் கொள்ளப்படும். பள்ளி விளையாட்டு விழாவில் மாணவர் எழுதிய நிரலைப் பயன்படுத்துவதானாலும் இந்த ஒழுங்கைக் கைவிடலாகாது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் காட்டவும் வேண்டாம். பணியாளர் தேர்வுக்கான ஓட்டம் போன்ற, ஒருவருடைய வாழ்வை முடிவு செய்யும் அளவீடுகளுக்கோ முறையாகச் சரிபார்க்கப்பட்ட கருவிகளே உரியவை; பயிற்சி நிரல் அங்கு இடம்பெறலாகாது.

பாடத்தின் பயன்

இங்குக் கற்ற நெறி நிறுத்துக் கடிகாரத்தோடு முடிவதில்லை. இன்று பல தேர்வுகள் கணிப்பொறி வழியே நடத்தப்படுகின்றன. தேர்வரின் திரையின் ஒரு மூலையில் மீதி நேரம் குறைந்துகொண்டே வருகிறது. அதை எழுதியவர் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு விநாடியைக் குறைத்துக்கொண்டே போயிருந்தால் என்னாகும்? வேகம் குறைந்த கணிப்பொறியில் ஒவ்வோர் அழைப்பும் 1.05 விநாடிக்கு ஒரு முறை வருவதாகக் கொள்வோம். 60 நிமிடத் தேர்வு அங்கு 63 நிமிடம் நடக்கும். ஒரே அறையில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்கு மூன்று நிமிடம் மிகுதியாகக் கிடைத்துவிடும். அதை யாரும் அறியவும் மாட்டார்கள். தேர்வு முடிய வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து மீதியைக் காட்டுவதும், அந்த நேரத்தை அனைவருக்கும் பொதுவான வழங்கிக் கணிப்பொறியிலிருந்தே பெறுவதும் முறையாகும்.

இத்தகைய மென்பொருளை வாங்கவும் ஏற்கவும் வேண்டிய பொறுப்பிலுள்ள அலுவலர்கள், நிரலின் ஒவ்வொரு வரியையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. ‘நேரம் எண்ணப்படுகிறதா, கழித்துக் காணப்படுகிறதா? எந்தக் கடிகாரத்திலிருந்து?’ என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும். அக்கேள்விகளுக்கு நேரான விடை சொல்லக்கூடிய நிரலாளர்களை உருவாக்குவது பள்ளியின் கடமை. அறுபது வரிகள் கொண்ட இச்சிறு நிரலை ஒரு மாணவர் தாமே எழுதி, தாமே சோதித்து, அது ஏன் சரியானது என்று பிறருக்கு விளக்கவும் வல்லவராகிவிட்டால், அக்கடமையின் முதற்படி நிறைவேறியதாகக் கொள்ளலாம்.